மலை நடந்து வெந்நீர் ஊற்றில் முடியும் ஒரு நாள்: குமானோவில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

கேள்வி இது: "அக்டோபர் கடைசியில் நானும் தங்கையும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒசாகா வருகிறோம். அம்மாவுக்கு 63 வயது, நன்றாக நடப்பார், முழங்கால் மட்டும் கொஞ்சம் படுத்தும். வழிகாட்டியோடு ஒரு நாள் மலைப்பாதையில் நடந்து, சாயங்காலம் வெந்நீர் ஊற்றில் குளிக்க ஆசை. எங்கே போகலாம்? வழிகாட்டி அவசியமா? அங்கே ஆடையில்லாமல்தான் குளிக்க வேண்டுமாமே, அம்மா ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை."

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாகயாமா மாநிலத்தின் குமானோ கோடோவுக்குப் போங்கள். ஹொஷ்ஷின்மொன்-ஓஜியில் தொடங்கி, குமானோ ஹோங்கு தைஷா கோயில் வழியாக, யுனோமினே என்ற ஊற்றூரில் முடியும் பாதை. நான் இதை நான்கு முறை நடந்திருக்கிறேன், அதில் இரண்டு முறை வழிகாட்டியோடு.

ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பியே ஆக வேண்டும் என்றால் வேறு வழியும் உண்டு. கோபே பக்கம் ரொக்கோ மலையில் ஏறி (உச்சி 931 மீட்டர்), மறுபக்கம் இறங்கினால் அரிமா ஊற்றூர். நல்ல நடைதான், ஆனால் ஏற்றம் அதிகம், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. அதோடு அங்கே மலையும் குளியலும் தனித்தனி. நடந்த களைப்புக்கு ஒரு குளியல், அவ்வளவுதான். குமானோவில் அந்தக் குளியல் யாத்திரைக்குள்ளேயே அடங்கியது. அதற்காகத்தான் தூரம் பார்க்காமல் அங்கே போகச் சொல்கிறேன்.

தூரம் உண்மையிலேயே கொஞ்சம் அதிகம். ஷின்-ஒசாகாவிலிருந்து 'குரோஷியோ' விரைவு ரயிலில் கீ-தனாபே வரை இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து ஹோங்குவுக்குப் பேருந்தில் இன்னும் இரண்டு மணி நேரம். அதனால் முந்தின நாள் மதியமே போய், யுனோமினேயில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் பயணம், இரண்டாம் நாள் நடை, மூன்றாம் நாள் காலை திரும்பல். ஒரே ஊரில் இரண்டு இரவு என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலையும் இல்லை. தண்ணீர், மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு இருந்தால் போதும்.

இந்தக் குமானோ கோடோ என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கீ தீபகற்பத்தில் மூன்று பெரிய கோயில்கள் இருக்கின்றன: ஹோங்கு, ஹயதாமா, நாச்சி. அவற்றுக்குப் போன பழைய யாத்திரைப் பாதைகளின் பொதுப்பெயர்தான் குமானோ கோடோ. கியோட்டோவிலிருந்து துறவு பூண்ட பேரரசர்கள் பரிவாரத்தோடு இங்கே வந்தார்கள். கோ-ஷிரகாவா முப்பது தடவைக்கு மேல் வந்திருக்கிறார். கோ-தோபா 1201இல் வந்தபோது உடன் வந்த கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதி வைத்தார். பிற்பாடு சாதாரண மக்களும் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்க, எறும்புச் சாரை போலக் குமானோ யாத்திரை என்று ஒரு வழக்கே உண்டானது. 2004இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இனி வழிகாட்டி அவசியமா என்ற கேள்வி. பாதை தெரிவதற்காக என்றால் அவசியமே இல்லை. நகாஹெச்சி எனப்படும் இந்தப் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் நட்டிருக்கிறார்கள். பிரியும் இடங்களில் 'இது குமானோ கோடோ அல்ல' என்றுகூடப் பலகை இருக்கும். ஆனாலும் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், இந்தப் பாதையில் முக்கியமானவை பலவும் கண்ணுக்குத் தெரியாது. 'ஓஜி' என்பவை வழிநெடுக இருந்த சிறு சன்னதிகள். தொண்ணூற்றொன்பது ஓஜிகள் என்பார்கள். இன்று பல இடங்களில் ஒரு கல்லும் பாசியும்தான் மிச்சம். நான் முதல் தடவை தனியாகப் போனபோது அவற்றைக் கடந்து நடந்தேன். நல்ல காடு, நல்ல காற்று, சந்தோஷமாக இறங்கி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை எழுபது வயதை ஒட்டிய ஓர் உள்ளூர் அம்மா வழிகாட்டியாக வந்தார். அதே பாதையா இது என்று எனக்கு ஆகிவிட்டது. அந்த ஊர்ப் பக்கம் வழிகாட்டிகளைக் 'கதாரிபே' என்பார்கள், அதாவது கதைசொல்லி. பெயருக்கேற்ற வேலைதான் செய்கிறார்கள்.

தனாபே நகரக் குமானோ சுற்றுலா அமைப்பின் இணையதளத்திலேயே விடுதி, வழிகாட்டி, பெட்டி அனுப்புதல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பதிவு செய்யலாம். அக்டோபர், நவம்பரில் கூட்டம் அதிகம். விடுதிகளும் சிறியவை, சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் முதலில் விடுதியைப் பிடியுங்கள், வழிகாட்டியை அப்புறம் பார்க்கலாம்.

நடக்கும் நாளுக்கு வருவோம். காலைப் பேருந்தில் ஹொஷ்ஷின்மொன்-ஓஜியில் இறங்குவீர்கள். அந்தப் பெயருக்கு, ஞானத்தை நாடும் எண்ணம் பிறக்கும் வாசல் என்று பொருள். பழைய காலத்தில் இங்கே ஒரு பெரிய வாயில் இருந்தது. அதைத் தாண்டினால் கோயிலின் எல்லைக்குள் நுழைந்ததாகக் கணக்கு. இங்கிருந்து ஹோங்கு வரை சுமார் 7 கிலோமீட்டர். பெரும்பாலும் இறக்கம்தான். நின்று நின்று போனால் மூன்று மணி நேரம், அம்மாவோடு மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வேலை வைக்கும். அம்மாவுக்கு இரண்டு கைத்தடிகள் கட்டாயம் வாங்குங்கள். மழை பெய்திருந்தால் கற்களில் பாசி வழுக்கும், ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் காலணியே போடுங்கள்.

முதல் பகுதி ஒரு மலைக் கிராமத்தின் வழியாகப் போகும். வீட்டு வாசலில் ஆளில்லாத சிறு கடைகள் இருக்கும். உப்பில் ஊறவைத்த உமெ காய் (ஜப்பானியப் பிளம் வகை), தேயிலை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் பையில் கட்டித் தொங்கும், பக்கத்தில் ஒரு டப்பா. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 100 யென் நாணயங்கள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஜப்பானில் உமெவுக்கும் மிகான் ஆரஞ்சுக்கும் பெயர்போனது வாகயாமாதான், தைரியமாக வாங்குங்கள்.

அடுத்தது மிசுனோமி-ஓஜி. மிசுனோமி என்றால் தண்ணீர் குடிப்பது. இங்கே இடுப்பில் பிளந்து போன சிறு ஜிசோ (வழிப்போக்கர்களைக் காக்கும் பௌத்தத் தெய்வம்) சிலை ஒன்று இருக்கிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் இதனிடம் வேண்டிக்கொள்வார்கள். நான் பார்த்தபோது அந்தப் பிளவில் யாரோ நாணயம் செருகி வைத்திருந்தார்கள். எங்கள் வழிகாட்டி அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, தன் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சிலையின் இடுப்பைத் தடவினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தினமும் அந்த வழியில் ஏறி இறங்குபவர்.

அதற்குப் பிறகு காடு. நெட்டுக்குத்தாக நிற்கும் சுகி, ஹினோகி மரங்கள். பெரும்பகுதி மரத்துக்காக மனிதர் நட்டு வளர்த்ததுதான், ஆதிக்காடு இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் அழகு குறையவில்லை. நடுவில் தேயிலைச் செடிகளோடு ஒரு திறந்த மேடு வரும். அதுதான் ஃபுஷிஓகாமி, அதாவது விழுந்து வணங்கும் இடம். மலையும் ஆறும் கடந்து நாள்கணக்கில் நடந்து வந்தவர்களுக்குக் கோயில் இருக்கும் இடம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இங்கேதான். அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

இங்கே சொல்லப்படும் ஒரு கதையை உங்கள் அம்மாவும் நின்று கேட்க வேண்டும். இசுமி ஷிகிபு என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹெய்யான் காலத்துப் பெண் கவிஞர் ஒருவர். இவ்வளவு தூரம் வந்து, கோயில் தெரியும் இந்த மேட்டில் நிற்கும்போது அவருக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. இனி சன்னதிக்குப் போக முடியாதே என்ற வருத்தத்தை ஒரு பாட்டாகச் சொல்லிவிட்டு உறங்கினார். கனவில் குமானோ தெய்வம் பதில் பாட்டுச் சொன்னது: நானே இந்த உலகத்துப் புழுதியோடு கலந்து நிற்கிறவன், மாதவிலக்கு எனக்கு என்ன தடை என்று. மறுநாள் அவர் போய் வணங்கினார். இது நடந்த வரலாறு என்று யாரும் சொல்வதில்லை, தலைமுறை தலைமுறையாக வரும் கதை. ஆனால் குமானோவின் குணம் இதுதான். பல புனித மலைகள் பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில் இந்தப் பாதை திறந்திருந்தது. 1274இல் இப்பென் என்ற துறவிக்கு ஹோங்குவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அருள்வாக்கும் அதே பொருள்தான்: நம்புகிறவர் நம்பாதவர், தூய்மை தீட்டு என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடு. அந்தத் தேயிலை மேட்டில், எழுபது வயதுப் பெண் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

அங்கிருந்து கீழே போகப் போக, கோயா என்ற பௌத்தப் புனித மலையிலிருந்து வரும் கோஹெச்சி பாதை வந்து சேரும். கொஞ்சம் விலகிப் போனால் ஒரு பார்வை மேடை இருக்கிறது, தவறவிடாதீர்கள். பள்ளத்தாக்கின் நடுவில் பெரிய கறுப்புத் தோரணவாயில் ஒன்று தெரியும். கடைசியாக ஹராய்தோ-ஓஜியில் யாத்திரிகர்கள் இறுதியாக ஒரு முறை தங்களைச் சுத்தம் செய்துகொள்வார்கள். அடுத்த சில நிமிடங்களில் கோயிலின் பின்பக்கமாக உள்ளே போவீர்கள். முன்பக்கம் 158 கற்படிகள். நீங்கள் மேலிருந்து வருவதால் ஏற வேண்டியதில்லை, இறங்கினால் போதும். ஹினோகிப் பட்டையால் வேய்ந்த கூரை, வண்ணம் பூசாத மரம், எங்கு பார்த்தாலும் மூன்று கால் காகம். யதகராசு எனும் அந்தக் காகம் இந்தத் தெய்வத்தின் தூதர். ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் இருப்பதும் அதுவே.

ஆனால் கோயில் முதலில் இருந்தது இந்த இடத்தில் இல்லை. பத்து நிமிடம் நடந்தால் ஓயுனோஹாரா. ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு மணல்திட்டு. 1889 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் இங்கிருந்த சன்னதிகளில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. தப்பியவற்றை 1891இல் மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தின் வாசலில் 2000இல் எழுப்பிய அந்தக் கறுப்புத் தோரணவாயில் சுமார் 34 மீட்டர் உயரம். உள்ளே போனால் புல்வெளி, மரங்கள், இரண்டு சிறு கல் சன்னதிகள். பழைய நாளில் பாலம் கிடையாது. ஒதொனாஷி ஆற்றில் இறங்கி நனைந்துதான் கோயிலுக்குள் போக வேண்டும். ஓடையைக் கடப்பதே கடைசி நீராட்டு. மதியச் சாப்பாட்டை ஹோங்குவில் முடித்துவிட்டு இங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மெஹரி-சுஷி என்பது இந்த ஊர்க் கட்டுச்சோறு: ஊறுகாய் போட்ட கடுகுக்கீரை இலையில் சுற்றிய சோற்று உருண்டை. நடைக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் விடுதியில் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: மீன் மட்டுமல்ல, 'தாஷி' என்ற மீன் சாறும் கூடாது என்று. சூப், குழம்பு, காய்கறி வேகவைத்தது எல்லாவற்றிலும் அது இருக்கும்.

ஹோங்குவிலிருந்து யுனோமினேக்கு இரண்டு வழி. ஒன்று பேருந்து, கால் மணி நேரம். இன்னொன்று தைனிச்சி மலையைத் தாண்டும் பழைய காட்டுப் பாதை, சுமார் 3 கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்தான ஏற்றமும் இறக்கமும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அம்மாவின் முழங்கால் மதியமே முனகினால் அவரும் உங்களில் ஒருவரும் பேருந்தில் போய்விடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. நடக்கிறவர்கள் 2 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அக்டோபர் கடைசியில் சூரியன் 5 மணியை ஒட்டி மறையும். மரங்களுக்குள் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். இலையுதிர் காலத்தில் பெரிய குளவிகள் நடமாட்டம் உண்டு. வழிகாட்டி நில் என்றால் நின்றுவிடுங்கள்.

இந்தப் பாதையைத்தான் ஏப்ரல் 13ஆம் தேதி அப்பாக்கள் குழந்தையைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். ஹோங்கு கோயிலின் வசந்த விழாவில் 'யுனோபோரி' என்ற சடங்கு அது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளை யுனோமினேக்குத் தூக்கிப் போய், ஊற்று நீரில் குளிப்பாட்டி, நெற்றியில் சிவப்பால் ஓர் எழுத்து எழுதி, இந்த மலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். பிள்ளையின் மேல் தெய்வம் இறங்கியிருப்பதால் கால் தரையில் படக் கூடாது. அப்பாவின் தோளில் பிள்ளை தூங்கிப்போய்விடும், அவர் விழுந்துவிடாமல் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைப்பார்.

இதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். குளியல் முதலில், சாமி அப்புறம். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் பழக்கம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய யாத்திரிகர்கள் யுனோமினேயின் வெந்நீரில் 'யுகோரி' எனும் தூய்மைச் சடங்கைச் செய்துவிட்டுத்தான் ஹோங்குவை வணங்கினார்கள். நான் சொல்லும் வரிசை இதற்குத் தலைகீழ். அதனால்தான் முந்தின இரவே யுனோமினேயில் தங்கச் சொல்கிறேன். அன்று இரவு குளித்துவிடுங்கள், காலையில் நடங்கள், சாயங்காலம் திரும்பவும் குளியுங்கள். பழைய முறையும் நிறைவேறும், காலுக்கும் நல்லது.

யுனோமினே ஒரு சின்னப் பள்ளத்தாக்கு ஊர். நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் விடுதிகள், தோகோ-ஜி என்ற கோயில். ஊருக்குள் நுழையும்போதே கந்தக வாசனை வரும். 1,800 ஆண்டுப் பழமை என்று ஊரார் சொல்கிறார்கள். எரிமலையே இல்லாத தீபகற்பத்தில் 90 டிகிரி வெந்நீர் எப்படி என்று நானும் யோசித்திருக்கிறேன். பிலிப்பைன் கடல் தட்டு எனும் புவித்தட்டு இந்த நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. அந்த ஆழத்திலிருந்து பிழிந்தெடுத்தது போல மேலேறும் நீர்மங்களுக்கு இதில் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஓடைக்கரையில் 'யுசுத்சு' என்ற சமையல் தொட்டி இருக்கிறது. பக்கத்துக் கடையில் வலைப்பையில் போட்ட முட்டை விற்பார்கள். கயிற்றைக் கொக்கியில் மாட்டி உள்ளே இறக்கினால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இன்னும் நேரமாகும். நான் போன ஒரு நாள், உள்ளூர்ப் பாட்டி ஒருவர் கீரைக்கட்டை அப்படியே முக்கி எடுத்து உதறிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு அடியில் லேசான கந்தக வாசனை. உப்புத் தொட்டு, ஓடை ஓரத்துப் படியில் உட்கார்ந்து, நீராவி முகத்தில் படச் சாப்பிட வேண்டும்.

அதே ஓடைக்குள் ஒரு சிறு மரக் கொட்டகை. அதுதான் த்சுபோயு. உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்று, இன்றும் குளிக்க முடிகிற வெந்நீர் ஊற்று. உள்ளே படியிறங்கினால் இயற்கைப் பாறையில் ஒரு குழி, இரண்டு மூன்று பேர் உட்காரலாம். அடியில் கூழாங்கல், பால் கலந்தாற்போல நீலம். ஒரு நாளைக்கு ஏழு முறை நிறம் மாறும் என்பார்கள். இந்த ஊற்றுக்கு ஒரு பழங்கதை உண்டு. ஓகுரி ஹங்கன் என்ற வீரரை விஷம் கொடுத்துக் கொன்றார்களாம். உயிர் மட்டும் திரும்பி, கண்ணும் காதும் பேச்சும் இல்லாத உடம்பாக ஒரு வண்டியில் கிடத்தப்பட்டார். வழியில் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்ச தூரம் புண்ணியம் என்று இழுத்துவந்தார்கள். அவருடைய மனைவி தெருதேயும், அது தன் கணவன் என்று தெரியாமலே, சில நாள் இழுத்தாள். இந்தக் குழியில் 49 நாள் குளித்து அவர் பழையபடி ஆனார் என்கிறது கதை. அந்த வண்டியைப் புதைத்த மேடு என்று ஊரை ஒட்டி ஓர் இடத்தையும் காட்டுவார்கள்.

அம்மாவின் கூச்சத்துக்கு விடையும் த்சுபோயுதான். இதில் ஒரு குழுவுக்கு 30 நிமிடம், கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம், வேறு யாரும் வர மாட்டார்கள். முன்பதிவு கிடையாது. பக்கத்துப் பொதுக் குளியலகத்தில் சீட்டு வாங்கினால் எண் எழுதிய பலகை தருவார்கள், முறை வரும்போது அதை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அம்மா தனியாகவோ உங்களில் ஒருவரோடோ குளிக்கலாம். உள்ளே சோப்பு கூடாது. அதே சீட்டில் பொதுக் குளியலகத்திலும் ஒரு முறை குளிக்கலாம். உடம்பு தேய்த்துக் கழுவுவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண், பெண் தனித்தனி. முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், கூந்தலை மேலே முடிய வேண்டும், துண்டைத் தொட்டி நீரில் விடக் கூடாது. ஆடையில்லாமல்தான். ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை; என் மனைவி முதல் ஐந்து நிமிடம் சங்கடப்பட்டாள், அதற்கப்புறம் கூப்பிட்டாலும் வெளியே வரவில்லை.

மூன்று எச்சரிக்கைகள். நடை முடிந்ததும் நேராகத் தொட்டிக்குள் இறங்காதீர்கள். வியர்த்து இறங்கிய உடம்பில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்து (முட்டை வேகும் நேரம் சரியாக இருக்கும்), முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள் என்று இறங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து உட்காரட்டும். த்சுபோயு நீர் மிகச் சூடாக இருந்தால் குழாயில் குளிர்நீர் விட்டுக் கலந்துகொள்ளலாம். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கடைசியாக, மெட்டியும் கொலுசும். கந்தக நீரில் வெள்ளி நிமிடங்களில் கறுத்துவிடும். கழற்ற அம்மாவுக்கு மனமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், கறுப்பு மேலோடுதான், ஊருக்கு வந்து மெருகு போட்டால் போய்விடும். தங்கத்துக்கு அவ்வளவு பயமில்லை.

சாயங்காலம் த்சுபோயுவுக்கு வரிசை நீளமாக இருந்தால் காத்திருந்து களைத்துப்போக வேண்டாம். காலை 6 மணிக்கே திறப்பார்கள். மூன்றாம் நாள் விடியலில் யுகதா என்ற பருத்தி அங்கியோடு இறங்கிப் போங்கள். ஓடையும் தெரியாத அளவுக்கு நீராவி நிற்கும், கொட்டகையில் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். குளித்துவிட்டு விடுதிக்கு வந்தால் அதே ஊற்று நீரில் காய்ச்சிய அரிசிக் கஞ்சி இருக்கும், தொட்டுக்கொள்ள உமெ ஊறுகாய். பல விடுதிகளில் காலைச் சாப்பாடே அதுதான். தனாபே பேருந்தின் நேரத்தை மட்டும் முந்தின இரவே நிறுத்தத்தில் பார்த்து வையுங்கள். ஒரு நாளைக்குச் சில பேருந்துகள்தான்.